டின்னி வாங்கியாயிற்று, இனி? சிட்னியில் முதல் படகை இழுத்துச் செல்பவருக்கு

படகு வாங்கப் போகிறேன் என்று வரும் நண்பர்கள் முதலில் கேட்பது, "எங்கே போனால் மீன் கிடைக்கும்?" என்று. நான் திருப்பிக் கேட்பது, "உங்கள் வீட்டு டிரைவ்வே எவ்வளவு நீளம்?" என்று. சிரிப்பார்கள். கேலிக்காகக் கேட்பதில்லை. டிரெய்லரில் ஏற்றி இழுத்துப் போகிற சின்னப் படகு வருடத்தில் முந்நூறு நாளுக்கு மேல் தரையில்தான் நிற்கும். அதற்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை தரையில்தான் பிறக்கின்றன: வீட்டு வாசலில், நெடுஞ்சாலையில், படகு இறக்கும் ராம்ப்பில். ஆகவே இந்தக் கட்டுரையில் மீனைவிட டிரெய்லரைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

நான் மதுரைப் பக்கத்துக்காரன். வைகையில் தண்ணீர் ஓடிப் பார்த்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிட்னிக்கு வந்த பிறகுதான் கடல் பழகியது. பன்னிரண்டு வருடமாக 4.2 மீட்டர் நீள அலுமினியப் படகு ஒன்றை வைத்திருக்கிறேன். இந்த ரகத்தை இங்கே செல்லமாக டின்னி என்பார்கள். 4 முதல் 5 மீட்டர் நீளம், பின்னால் ஒரு அவுட்போர்ட் எஞ்சின், ஒற்றை அச்சு டிரெய்லர் என்று வைத்திருப்பவருக்கு இது பொருந்தும். சட்ட விவரங்கள் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கானவை. விக்டோரியாவிலும் குயின்ஸ்லாந்திலும் விதிகள் வேறு. எங்கே இருந்தாலும் கிளம்புமுன் அரசுத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய படகு வாங்கும்போது

முதல் படகைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. எப்படியும் முதல் வருடம் அதை எதிலாவது இடிக்கத்தான் போகிறோம்.

பார்க்கப் போனதும் படகை விட்டுவிட்டு டிரெய்லருக்கு அடியில் படுங்கள். விற்பவர் படகைக் கழுவிப் பளபளப்பாக்கி வைத்திருப்பார். டிரெய்லரின் அடிப்பாகத்தை யாரும் பளபளப்பாக்குவதில்லை. துத்தநாகப் பூச்சுள்ள இரும்புச் சட்டமானாலும் உப்புநீர் உள்ளிருந்து அரிக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்ற ஓசை மாறி ஓரிடத்தில் பொத்தென்று கேட்டால், அங்கே உளுத்திருக்கிறது. வில்பட்டைகளும் அவற்றைப் பிடித்திருக்கும் யு-போல்ட்களும் துருவேறிச் செதில்செதிலாக உரிந்தால், அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

அடுத்து எஞ்சின். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். குளிர்ந்த எஞ்சினைத்தான் கிளப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய நீர்த்தாரை பீய்ச்ச வேண்டும். குளிர்விக்கும் நீர் ஓடுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். தண்ணீருக்குள் இறங்கும் எஞ்சின் காலின் கீழுள்ள கியர் ஆயில் திருகைச் சற்றுத் தளர்த்தினால் ஒழுகும் எண்ணெய் பாலும் காப்பியும் கலந்த நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. வேறு படகு பாருங்கள், அல்லது சீல் மாற்றும் கூலியைப் பேரம் பேசுங்கள்.

ரிவெட் ஆணியால் தகடுகளை இணைத்த பழைய டின்னியாக இருந்தால் உள்ளே இரண்டு மூன்று பக்கெட் தண்ணீர் ஊற்றிவிட்டு அடியில் எங்கே சொட்டுகிறது என்று பார்க்கலாம். தொட்டி மாதிரி நிரப்பிவிடாதீர்கள். டிரெய்லர் தாங்காது.

படகின் தகட்டில் எத்தனை பேர் ஏறலாம், அதிகபட்சம் எத்தனை குதிரைத்திறன் எஞ்சின் பூட்டலாம் என்று இருக்கும். முந்தைய உரிமையாளர் ஆசைப்பட்டு அதைவிடப் பெரிய எஞ்சினைப் பூட்டியிருக்கிறாரா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசியாக, பி.பி.எஸ்.ஆர். பதிவேட்டில் தேடி, அதன்மேல் யாருடைய கடனாவது நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டு டாலர் வேலை.

காகித வேலை

சுருக்கமாக முடித்துவிடுகிறேன். படகுக்கு ஒரு பதிவு, டிரெய்லருக்குத் தனியாக ஒரு பதிவு. 4 கிலோவாட், அதாவது ஏறக்குறைய 5 குதிரைத்திறன், அல்லது அதற்கு மேற்பட்ட எஞ்சின் இருந்தால் படகைப் பதிந்தாக வேண்டும். 10 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 18.5 கிலோமீட்டர், அல்லது அதற்கு மேல் வேகமாக ஓட்ட உரிமம் தேவை. மெதுவாகத்தானே போவேன், உரிமம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். பச்சை மிதவை எந்தப் பக்கம், சிவப்பு எந்தப் பக்கம், யாருக்கு யார் வழிவிட வேண்டும் என்பதெல்லாம் அந்தப் படிப்பில்தான் வருகிறது. மெதுவாகப் போகிறவருக்கும் அது வேண்டும். அப்புறம், தூண்டில் போடுவதற்கான மீன்பிடிக் கட்டணம் தனி. ரசீது கையிலோ போனிலோ இருக்கட்டும். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது வேண்டாம்.

டிரெய்லர்: எடை, கொக்கி, சங்கிலி

டிரெய்லர் தகட்டில் ஏ.டி.எம். என்று ஒரு எண் இருக்கும். பணம் வருகிற ஏ.டி.எம். அல்ல, செலவு வைக்கிற ஏ.டி.எம். டிரெய்லரும் அதன்மேல் ஏற்றிய எல்லாமும் சேர்ந்து எவ்வளவு எடை வரலாம் என்பதன் உச்ச வரம்பு அது. காரின் கையேட்டில் அந்தக் கார் எவ்வளவு இழுக்கலாம் என்று இருக்கும். காரின் பின்னால் பூட்டிய இழுவைக் கட்டையிலும் ஒரு எண் அடித்திருக்கும். இவற்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை.

எல்லோரும் படகின் வெறும் எடையை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். 25 லிட்டர் பெட்ரோல் கிட்டத்தட்ட 18 கிலோ. பேட்டரி, நங்கூரம், சங்கிலி, ஐஸ் பெட்டி, அதில் ஐஸ், அண்ணி கட்டிக்கொடுத்த புளியோதரை எல்லாம் சேர்த்தால் நூறு கிலோ சாதாரணமாக வந்துவிடும். சந்தேகமாக இருந்தால் முழுச் சாமான்களுடன் ஒரு பொது எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். டிரெய்லர் சக்கரங்கள்மேல் இறங்கும் எடை 750 கிலோவுக்குள் இருக்கும் ஒற்றை அச்சு டிரெய்லருக்கு பிரேக் கட்டாயமில்லை. அதற்குமேல் 2000 கிலோ வரை குறைந்தது ஓர் அச்சின் சக்கரங்களிலாவது பிரேக் இருக்க வேண்டும்.

டிரெய்லரின் கொக்கி உட்காரும் இழுவைக் குமிழ்மேல் இறங்கும் எடை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருப்பது நல்லது. 600 கிலோ டிரெய்லர் என்றால் 60 கிலோ. குறைந்தால், நெடுஞ்சாலையில் லாரி ஒன்று கடந்துபோகும்போது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அப்படி ஆடினால் சடாரென்று பிரேக் போடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறையட்டும். அப்புறம் நிறுத்தி, பின்னால் இருக்கும் சாமான்களை முன்னுக்கு நகர்த்துங்கள்.

மாட்டும்போது கொக்கி குமிழ்மேல் நன்றாக உட்கார்ந்து பூட்டிக்கொண்டதா என்று பார்க்க ஒரு வழி: முன் ஜாக்கி சக்கரத்தை இறக்கி, கொஞ்சம் உயர்த்திப் பாருங்கள். காரின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் பூட்டியிருக்கிறது. பாதுகாப்புச் சங்கிலியை, எடை வரம்பு பொறித்த ஷேக்கிள் என்கிற யு வடிவ இரும்பு வளையத்தால் காருடன் மாட்டுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் வளையக் கொக்கி வேண்டாம். படகின் முன்மூக்கை வின்ச் பட்டை, அதாவது படகை டிரெய்லர்மேல் சுற்றி இழுக்கும் பட்டை, மட்டும் பிடித்திருந்தால் போதாது. அங்கே ஒரு சங்கிலி தனியாக இருக்க வேண்டும். பின்பக்கத்தை டிரெய்லரோடு சேர்த்துப் பட்டையால் இறுக்க வேண்டும். பட்டை காற்றில் படபடவென்று அடித்தால் ஒரு முறுக்கு கொடுத்துக் கட்டுங்கள், சத்தம் அடங்கிவிடும்.

பேரிங்: சின்ன உருளை, பெரிய செலவு

என் படகு வாழ்க்கையின் மிக நீண்ட மதியத்தைத் தண்ணீரில் கழிக்கவில்லை. சிட்னிக்கு வடக்கே உள்ள லேக் மக்குவாரிக்குப் போகும் வழியில், எம்1 நெடுஞ்சாலையின் ஓரத்தில் கழித்தேன். இடது சக்கரத்திலிருந்து புகை. இறங்கிப் பார்த்தால் சக்கரம் குடிகாரன் தலை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பேரிங் பொடிப்பொடியாகி, அச்சின் முனையையே தின்றுவிட்டிருந்தது. போன வருடம் ஏற்றிய கிரீஸ்தானே, இந்த வருடமும் தாங்கும் என்று விட்டதன் பலன். இழுத்துக்கொண்டு போக வண்டி, புது அச்சு, வீணான விடுமுறை. அன்று மீன் மார்க்கெட்டில் சால்மனே வாங்கித் தின்றிருந்தால் மலிவாக முடிந்திருக்கும்.

ஏன் படகு டிரெய்லருக்கு மட்டும் இந்தத் தொல்லை? ஓடி வந்த சக்கரத்தின் மையக்கூடு சூடாக இருக்கும். அதை ராம்ப்பில் குளிர்ந்த கடல்நீரில் இறக்குகிறோம். உள்ளே இருக்கும் சூடான காற்று சட்டென்று சுருங்குகிறது. சுருங்கும்போது தேய்ந்த சீல் வழியாக உப்புநீரை உறிஞ்சிக்கொள்கிறது. கிரீஸோடு உப்புநீர் கலந்து, பல நாள் சும்மா நிற்கும்போது துரு பிடிக்கிறது. அடுத்த பயணத்தில் அந்தத் துருப்புள்ளி எஃகை அரைக்கிறது. அதனால் ராம்ப்புக்கு வந்ததும் நேராகத் தண்ணீருக்குள் விடாதீர்கள். படகைத் தயார்ப்படுத்தும் பதினைந்து இருபது நிமிடம் சக்கரம் ஆறட்டும்.

சோதனை எளிது. டிரெய்லரை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். மெல்லிய சலசலப்பு இருக்கலாம். அம்மிக்கல் அரைக்கிற சத்தம் வந்தால் மாற்ற வேண்டும். அடுத்து, சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். தொளதொளவென்று ஆடினால் நட்டு தளர்ந்திருக்கிறது, அல்லது பேரிங் தேய்ந்திருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை கழற்றி, மண்ணெண்ணெயிலோ டீகிரீசரிலோ கழுவி, உருளைகளில் நீல நிறம் அல்லது குழி இருக்கிறதா என்று பார்த்து, படகுக்கென்று விற்கும் கிரீஸை உள்ளங்கையில் வைத்து உருளைகளுக்கு இடையே திணித்துத் திரும்பப் பூட்டுங்கள். சீலை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

ஆஸ்திரேலியக் கடைகளில் "ஹோல்டனா, ஃபோர்டா?" என்று கேட்பார்கள். காரைக் கேட்கவில்லை. சின்ன டிரெய்லர்களில் வரும் இரண்டு பேரிங் அளவுகளுக்கு இங்கே அப்படிப் பெயர். உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு, கிரீஸ் போட்டுத் தயாராக வைத்த ஒரு செட் பேரிங்கோ, முடிந்தால் முழு மையக்கூடோ காரில் போட்டுவையுங்கள்.

பயணத்தில் முதல் இருபது நிமிடத்துக்குப் பிறகு ஒரு தரம் நிறுத்தி, மையக்கூட்டின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் மேலே போகாதீர்கள். கூடவே இரண்டு விஷயம்: டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வெயிலில் வெடித்துக் கெடும், பக்கவாட்டில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். காரின் ஜாக்கியும் ஸ்பேனரும் டிரெய்லர் சக்கரத்துக்குப் பொருந்துமா என்பதை வீட்டு வாசலிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பார்த்துவிடுங்கள்.

ரிவர்ஸ் எடுப்பது

இதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். வழி ஒன்றுதான். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆளில்லாத கார் நிறுத்துமிடம் ஒன்றுக்குப் போங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைக் கையால் பிடியுங்கள். டிரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். இடது வேண்டுமென்றால் கை இடது, வலது வேண்டுமென்றால் கை வலது. அவ்வளவுதான். சின்னச் சின்ன அசைவாக, ஊர்ந்து போங்கள். குட்டையான டிரெய்லர் பெரியதைவிடச் சீக்கிரம் மடங்கும். மடங்கத் தொடங்கினால் திருத்தப் பார்க்காமல் முன்னால் இழுத்து நேராக்கி மறுபடி ஆரம்பியுங்கள். ராம்ப்பில் இருபது தடவை அப்படிச் செய்தாலும் மானம் போகாது. காத்திருக்கிறவர்களும் ஒரு காலத்தில் அதே இடத்தில் வியர்த்தவர்கள்தான்.

முந்தின நாள் இரவு

வானிலைத் துறையின் கடல் முன்னறிவிப்பைப் பாருங்கள். அதன் கீழே எப்போதும் ஒரு வரி இருக்கும், யாரும் படிப்பதில்லை: வீச்சுக்காற்று சொன்ன சராசரியைவிட 40 சதவீதம் பலமாக இருக்கலாம், மிகப் பெரிய அலை சொன்ன உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கலாம். 15 நாட் என்று போட்டிருந்தால் 21 நாட் காற்றுக்குத் தயாராக இருங்கள் என்று பொருள். என் 4.2 மீட்டர் டின்னிக்கு நான் வைத்திருக்கும் எல்லை, ஆறு, ஏரி, விரிகுடா போன்ற மூடிய நீர்நிலையில் 12 நாட். அதற்குமேல் என்றால் வீட்டில் தோட்ட வேலை.

சிட்னியில் கோடைக் காலத்தில் காலை அமைதியாக இருந்து, மதியத்துக்குமேல் வடகிழக்குக் காற்று எழும். அது பரவாயில்லை, பழகிவிடும். பயப்பட வேண்டியது சதர்லி பஸ்டர் என்கிற திடீர்த் தென்காற்று. கொதிக்கிற நாளில், சில நிமிடங்களில் வெப்பம் மளமளவென்று இறங்க, தெற்கிலிருந்து அறைந்துகொண்டு வரும். எங்கள் குழுவில் வல்வெட்டித்துறைக்கார அண்ணன் ஒருவர் இருக்கிறார். தெற்கே உருளை உருளையாக மேகம் தெரிந்தால், "தம்பி, சோழகம் எழும்பப் போகுது, தூண்டிலைச் சுத்து" என்பார். ஊர்ச் சோழகம் வேறு, இது வேறு. ஆனால் அவர் சுற்றச் சொன்னால் நான் கேள்வி கேட்பதில்லை.

பெட்ரோல் கணக்கு: மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. இ10 பெட்ரோலை அவுட்போர்ட்டுக்குப் போடாமல் இருப்பதே நல்லது. அதிலுள்ள எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொண்டு, நாள்பட நின்றால் தொட்டியடியில் தனியாகப் பிரிந்துவிடும்.

உயிர்காப்பு உடைகளை எண்ணுங்கள், ஆளுக்கு ஒன்று, அளவு சரியாக. 4.8 மீட்டருக்குக் குறைந்த படகில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லா நேரமும் அணிந்திருக்க வேண்டும். பெரியவர்களுக்கு இரவிலும், திறந்த கடலிலும், தனியாகப் போகும்போதும் கட்டாயம். என் படகில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஏறினால் போட வேண்டும், மாமனாரானாலும் சரி. காற்றடைக்கும் ரகம் வைத்திருந்தால் அதற்கு காலாகாலத்தில் சர்வீஸ் உண்டு, மறக்காதீர்கள்.

மூடிய நீர்நிலைக்கு மேலும் வேண்டியவை: சங்கிலியும் கயிறும் உள்ள நங்கூரம், தண்ணீர் இறைக்க பக்கெட், துடுப்பு, தீயணைப்பான், விசில், நீர் புகாத டார்ச். கரையிலிருந்து 2 கடல்மைலுக்கு அப்பால் போனால் ஈபர்ப் என்கிற அபாய சமிக்ஞைக் கருவியும் கடல் ரேடியோவும் வேண்டும். ஈபர்ப்பை உங்கள் பெயரில் ஆம்சா என்கிற கடற்பாதுகாப்பு ஆணையத்தில் பதிய வேண்டும், இலவசம்தான். ஆனால் முதல் வருடம் 2 கடல்மைல் எல்லாம் உங்களுக்கு எதற்கு?

ராம்ப்பில்

ராம்ப்பின் மேலே, ஒதுக்குப்புறமாகத் தயார்ப்படுத்தும் இடம் இருக்கும். வேலையெல்லாம் அங்கே. சரிவில் நிறுத்திவிட்டு ஐஸ் பெட்டியைத் தேடுகிறவரை சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு யாருக்கும் பிடிக்காது.

1. வடிகால் அடைப்பானைப் போடுங்கள். இங்கே பங் என்பார்கள். முதலில் இது, பிறகுதான் மற்றதெல்லாம்.

2. பின்பட்டை, எஞ்சின் தாங்கி ஆகியவற்றைக் கழற்றுங்கள். முன்மூக்கின் வின்ச் பட்டையும் சங்கிலியும் அப்படியே இருக்கட்டும். அதை மேலேயே கழற்றிவிட்டுச் சரிவில் பிரேக் போட்டவர்களின் படகு கான்கிரீட்டில் இறங்கியிருக்கிறது.

3. பெட்ரோல் குழாயைச் செருகி, தொட்டியின் காற்றுத் திருகைத் திறந்து, பம்ப் உருண்டையை இறுகும்வரை அமுக்குங்கள். முன்பக்கத்தில் ஒரு நீளக் கயிறு கட்டுங்கள்.

4. டிரெய்லர் விளக்கின் பிளக்கைக் காரிலிருந்து உருவுங்கள். எரிகிற பழைய பல்பு குளிர்நீரில் பட்டால் வெடிக்கும்.

5. சீட் பெல்ட்டை அவிழ்த்து, ஜன்னலை இறக்கி, மெதுவாகப் பின்னால் போங்கள். இருட்டாக இருந்தால் ஹெட்லைட்டை அணையுங்கள், பக்கத்தில் இறக்குகிறவர் கண் கூசும். வற்று நேரத்தில் ராம்ப்பின் கீழ்முனையைத் தாண்டிச் சக்கரத்தை விட்டுவிடாதீர்கள், விளிம்பில் மாட்டிக்கொண்டால் லேசில் வராது.

6. ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுத்து, கியரைப் பார்க்கில் போட்டு, அப்புறம் இறங்குங்கள். பாசி படிந்த கான்கிரீட் வழுக்கும். ரப்பர் செருப்பு வேண்டாம்.

7. படகு டிரெய்லரில் இருக்கும்போதே எஞ்சின் காலைத் தண்ணீருக்குள் இறக்கிக் கிளப்புங்கள். நீர்த்தாரை வருகிறதா? வந்தால் சங்கிலியைக் கழற்றித் தள்ளலாம். எஞ்சின் கிளம்பாவிட்டால் அப்படியே மேலே இழுத்துக்கொண்டு போகலாம். கழற்றித் தள்ளிய பிறகு கிளம்பாத எஞ்சினோடு துடுப்பு போட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரியும்.

முதலாவதை நான் ஒருநாள் செய்யவில்லை. சிட்னிக்கு வடக்கே ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் இருக்கும் புரூக்ளினில், பார்ஸ்லி பே ராம்ப். படகை மிதவை மேடையில் கட்டிவிட்டு, காரை நிறுத்தப் போனேன். திரும்பி வந்தபோது என் மகன் கணுக்கால் ஆழத் தண்ணீரில் நின்றுகொண்டு, "அப்பா, படகு கொஞ்சம் தாழ்வா இருக்கே" என்றான். பக்கத்திலிருந்தவர் ஓடிவந்து உதவ, மூன்று பேர் சேர்ந்து டிரெய்லருக்கு இழுத்தோம். அடைப்பான் என் சட்டைப் பையில் இருந்தது.

தண்ணீரில்

கிளம்பும்போது மரைன் ரெஸ்க்யூ நியூ சவுத் வேல்ஸ் என்கிற தன்னார்வ மீட்பு அமைப்பிடம் பதிவுசெய்யுங்கள். வி.எச்.எஃப். ரேடியோவில் 16ஆம் சேனலில் கூப்பிடலாம், அவர்களுடைய செயலியிலும் செய்யலாம். எங்கே போகிறோம், எத்தனை பேர், எப்போது திரும்புவோம். திரும்பியதும் மறக்காமல் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தேடத் தொடங்குவார்கள்.

நிறுத்துசாவியின் சுருள்கயிற்றைக் காலிலோ இடுப்பிலோ மாட்டிக்கொள்ளுங்கள். தவறி விழுந்தால் எஞ்சின் நிற்கும். நிற்காத படகு வட்டமடித்து விழுந்தவர்மேலேயே வரும்.

நங்கூரம் பற்றி ஒரே ஒரு கட்டளை, அண்ணன் எனக்கு முதல் நாளே சொன்னது: "தம்பி, நங்கூரத்தை ஒருநாளும் பின்னுக்குக் கட்டாதை." படகின் பின்பக்கம் தாழ்வானது, எஞ்சின் பாரமும் அங்கேதான். நீரோட்டத்தில் பின்னால் கட்டினால் கயிறு அதை இன்னும் கீழே இழுக்கும். ஒரு பெரிய படகின் அலை வந்தால் போதும், தண்ணீர் உள்ளே கொட்டும். அணியத்தில், அதாவது முன்மூக்கில்தான் கட்ட வேண்டும். கயிறு ஆழத்தைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு: 5 மீட்டர் ஆழத்தில் 15 முதல் 25 மீட்டர் விடுங்கள். மண் தரைக்கு ஒரு வகை நங்கூரம், பாறைக்கு வேறு வகை.

பெரிய மீன் மாட்டினால் எல்லோரும் ஒரே பக்கம் ஓடி எட்டிப்பார்ப்பது நம் வழக்கம். டின்னியில் அது கூடாது. ஒருவர் சுற்ற, ஒருவர் வலை பிடிக்க, மற்றவர்கள் உட்கார்ந்தே கத்தலாம். ஒருவேளை கவிழ்ந்தால் படகை விட்டு நீந்திப் போகாதீர்கள். தேடுகிறவர்களுக்குத் தலை தெரியாது, படகு தெரியும்.

முதல் பயணங்கள் எங்கே

ஹோம்புஷ், பரமட்டா பக்கம் இருக்கும் நம்மவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது பரமட்டா ஆறு. படகு ஓட்டிப் பழக அருமையான இடம். ஆனால் சிட்னி ஹார்பர் பாலத்துக்கு மேற்கே பிடித்த எதையும் சாப்பிடக் கூடாது என்பது அரசின் அறிவுரை. ஹோம்புஷ் பேயைச் சுற்றிப் பழைய ரசாயனத் தொழிற்சாலைகள் விட்டுப்போன டையாக்சின் நஞ்சு அடிச்சேற்றில் இருக்கிறது. 2006இல் துறைமுகத்தில் வணிக மீன்பிடிப்பையே அதற்காக நிறுத்தினார்கள். கொதிக்க வைத்தாலோ புளி ஊற்றினாலோ டையாக்சின் போகாது. பாலத்துக்குக் கிழக்கேயும் பெரும்பாலான மீன்களுக்கு மாதத்துக்கு 150 கிராம் அளவுதான் சொல்கிறார்கள். அங்கே பிடித்தால் விட்டுவிடுங்கள்.

குழம்புக்கு வேண்டுமென்றால், வடக்கே ஹாக்ஸ்பரி ஆறு. ஃபிளாட்ஹெட்டும் பிரீமும் கிடைக்கும். ஏற்றவற்ற நீரோட்டம் அங்கே வேகம், அதனால் நீர் திரும்பும் நேரத்தை ஒட்டிப் போங்கள். ஒன்றரை மணி நேரம் ஓட்டத் தயாரென்றால் லேக் மக்குவாரி. அதையும் போட்டனி பேயையும் 2002இல் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கென்றே ஒதுக்கினார்கள், மேலே சொன்ன மீன்பிடிக் கட்டணப் பணத்தில். போட்டனி பே அகலமானது, தென்காற்று எழும்பினால் ஒதுங்க இடம் குறைவு, இரண்டாம் வருடத்துக்கு வையுங்கள். ஆறு கடலில் கலக்கும் மணல்திட்டு வாயைத் தாண்டுவதை அனுபவசாலி ஒருவர் கூட இல்லாமல் நினைக்கவே வேண்டாம்.

அளவுகோலைப் படகிலேயே ஒட்டி வையுங்கள். பிரீம் 25 சென்டிமீட்டர், ஸ்னாப்பர் 30 சென்டிமீட்டர். அதற்குக் குறைந்தால் திரும்பத் தண்ணீருக்குள்.

வீடு திரும்பியதும்

களைப்பு, மீன் வாசம், பசி. இந்த அரைமணி நேரத்தைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுவார்கள். உப்பு காத்திருக்காது.

எஞ்சினின் நீர் உறிஞ்சும் துளைகளில் காதுமூடி போன்ற ரப்பர் கிண்ணங்களை மாட்டி, தோட்டக் குழாயைத் திறந்துவிட்டு, பிறகு எஞ்சினைக் கிளப்பிப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். கிளப்பிவிட்டுக் குழாயைத் திறக்கப் போனால், தண்ணீரில்லாமல் ஓடிய சில நொடிகளில் பம்பின் ரப்பர் இறக்கை கருகும். நீர்த்தாரை மெலிந்தால் அந்த இறக்கையை மாற்றும் காலம் வந்துவிட்டது.

டிரெய்லரின் வில்பட்டை, பிரேக், சட்டத்தின் உட்பக்கம் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். படகின் உள்ளே தரைப்பலகைக்கு அடியில் கைவிட்டு, விழுந்து கிடக்கும் ஈயக் குண்டு, தூண்டில் முள், சில்லறைக் காசு எல்லாம் பொறுக்குங்கள். காசு என்றா கேட்கிறீர்கள்? ஆஸ்திரேலியாவின் வெள்ளைக் காசுகளில் முக்கால் பங்கு செம்பு, ஒரு டாலர், இரண்டு டாலர் காசுகளில் அதைவிட அதிகம். உப்புநீரில் நனைந்த அலுமினியத்தின்மேல் செம்பு கிடந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கி, சில மாதங்களில் அந்த இடத்தில் ஊசித்துளை விழும். செம்பு மருந்தேற்றிய பச்சை மரப்பலகையைத் தரைக்குப் போடாதீர்கள் என்பதும் இதனால்தான்.

கடைசியாக அடைப்பானைக் கழற்றி, படகின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்துங்கள், மழைநீர் தானாக வடியட்டும். கழற்றிய அடைப்பானைச் சட்டைப் பையில் போடாதீர்கள். நான் இப்போது ஒரு சிவப்பு நாடாவில் கோத்து, கார்ச் சாவியோடு மாட்டி வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் சாவியை மேசைமேல் வைக்கும்போதெல்லாம் யாராவது இது என்ன என்று கேட்கிறார்கள்.